சந்தனம் பட்ட ஃப்ளாப்பி

கையில் இருப்பதை முழுதாக விட்டால்தான் அடுத்ததைப் பிடிக்க முடியும் என்ற நிலை வரும்போது, விடுகிற துணிவு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? பவளத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது. அவள் இதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டதே இல்லை என்று நினைக்கிறேன். கேள்வியாக எடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் எதையும் விடுவதில்லை.

பவளத்தின் வீடு பெருநகர் என்ற கிராமத்தில், ஊர் முடிந்து வயல்கள் தொடங்கிய பிறகு, செய்யாற்றுப் பக்கமாகத் தனித்து இருக்கும் இருளர் குடியிருப்பில். தாய் முனியம்மாள் நடவுக்கும் அறுப்புக்கும் போவாள். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்காரர்களின் வேன் வரும். அதில் ஏறினால் ஆடியில்தான் திரும்புவாள். பவளம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தட்டச்சும் கொஞ்சம் கற்று, 1998இல் உத்திரமேரூரில் பஞ்சாட்சரத்தின் அச்சகத்தில் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகைகளை மடித்து உறையில் போடுவது வேலை.

அடுத்த ஆண்டு பஞ்சாட்சரம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அவர் ஈய எழுத்துகளைக் கோத்தே வளர்ந்தவர். போட்டிக்கு இரண்டு கடைகள் வந்துவிட்டதால் மனமில்லாமல் வாங்கினார். அதை இயக்க வந்த ஆள் நான்கு மாதத்தில் சென்னைக்குப் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை மடித்தபடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்த பவளம், மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் தமிழில் பக்கம் அமைக்க ஒரு புரோகிராம் இருந்தது. காஞ்சிபுரத்தில் மோகன்குமார் என்ற ஒருவர் தன் கையால் எழுதி விற்றது. அச்சகத்தில் அதை வைத்து வேலை செய்ய ஒரு தனி முறை உருவாகியிருந்தது. புதிய பத்திரிகை வந்தால் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. அதே வீட்டில், அல்லது அதே உறவில், முன்பு அடித்த பத்திரிகையைத் திறந்து அதன் மேலேயே பெயர்களை மாற்றுவார்கள். அண்ணன் கல்யாணத்தின் மேல் தம்பி கல்யாணம், அதன் மேல் தங்கையின் கல்யாணம். யார் பெயருக்கு முன்னால் யார் பெயர் வர வேண்டும் என்ற வழக்கெல்லாம் பழைய பக்கத்திலேயே தீர்ந்திருக்கும். இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒருமுறை, இறந்து ஒரு வருடமான தாய்மாமன் ஒருவர், தங்கள் வரவை விரும்புவோர் பட்டியலில் அப்படியே நின்றுவிட்டார். வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று பஞ்சாட்சரம் பயந்தார். அவர்களோ, அவர் கூப்பிட்டால் நாலு பேர் கூடுதலாக வருவார்கள், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே எந்தப் பக்கத்தையும் அழிப்பதில்லை. மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்தன. மோகன்குமாரின் புரோகிராம் தன் வீட்டுக்குள், அதாவது தன் ஃபோல்டருக்குள், இருக்கிற பக்கங்களை மட்டுமே திறக்கும். அந்த வீடு இருந்தது கம்ப்யூட்டரின் சி டிரைவில்.

2001 மார்கழியில் சி நிறைந்துவிட்டது. தை முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் வந்து குவிந்திருந்த நேரம். அச்சுக்கு அனுப்பினால் பாதிப் பக்கம் வந்து நின்றுவிடும். மணமகன் இருப்பான், மணமகள் வரமாட்டாள். இடமில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கும். அதே கம்ப்யூட்டரில் டி என்ற இன்னொரு டிரைவ் இருந்தது. சியைப் போல மூன்று பங்கு பெரியது. வாங்கின நாளிலிருந்து அதில் யாரும் எதையும் வைக்கவில்லை. பக்கங்களை மட்டும் டிக்கு நகர்த்தினால் திறக்காது, புரோகிராமையே சியிலிருந்து டிக்கு மாற்றிவிட்டால் போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எப்படி மாற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை மூன்று வீட்டார் வந்து கடையில் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்த பஞ்சாட்சரம், பவளத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

“வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஓடலன்னா இத்த வித்துட்டு பழையபடி ஈய எழுத்துலயே போட்டுக்கறேன். எனுக்கு இந்த பேஜாரு வாணாம்.”

ஈய எழுத்துக்கு அவரே போதும். மடிக்க அவர் மனைவி தாயாரம்மாள் இருக்கிறார். மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை. பவளத்துக்கு அது புரிந்தது. அன்று வீட்டில் முனியம்மாளுக்கும் சொன்னாள். முனியம்மாள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பொங்கலுக்கு அடுத்த வாரம் வேன் வருகிறது, நீயும் வந்தால் எனக்குக் கல் அறுக்க இன்னொரு கை கிடைக்கும் என்றாள். அதை அவள் ஆறுதலாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

புதன்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து தாமோதரன் என்ற கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். சியில் இருந்த புரோகிராமின் ஃபோல்டரை முழுதாக டிக்கு நகல் எடுத்தார். டியில் போய் அதைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை, ஃப்ளாப்பியைப் போடு என்று கேட்டது. சியில் இருக்கிறதை அழித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தார்.

“அத்த மட்டும் அழிக்காதீங்கண்ணா,” என்றாள் பவளம். “அது பாதிப் பக்கமாச்சும் குடுக்குது.”

தாமோதரன் கையை எடுத்துவிட்டு யோசித்தார். பிறகு விஷயத்தை விளக்கினார். மோகன்குமார் தன் புரோகிராமை யாரும் திருடக் கூடாது என்று ஒரு பூட்டு போட்டிருக்கிறார். புரோகிராமை இயக்க ஓர் அனுமதி வேண்டும். அந்த அனுமதி ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். முதலில், புரோகிராமோடு வந்த ஃப்ளாப்பியில் இருந்தது; நிறுவியபோது அங்கிருந்து சிக்கு வந்துவிட்டது. நகல் எடுத்தால் புரோகிராம் வரும், அனுமதி வராது. முறையாகச் செய்வதென்றால், அந்த ஃப்ளாப்பியைப் போட்டு சியிலிருந்து புரோகிராமை நீக்க வேண்டும். அனுமதி ஃப்ளாப்பிக்குத் திரும்பும். பிறகு அதே ஃப்ளாப்பியிலிருந்து டியில் நிறுவ வேண்டும். மோகன்குமாரைக் கேட்கலாம் என்றால் அவர் சிங்கப்பூருக்குப் போய் இரண்டு வருடமாகிறது, போன் எண்ணும் கிடைக்கவில்லை.

“ஃப்ளாப்பி எங்க கீது?” என்றார் தாமோதரன்.

தாயாரம்மாள் உள்ளே போய் சாமி அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். மூன்று ஆயுத பூஜை கண்ட ஃப்ளாப்பி அது. நடுவில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். இரும்புத் தகடு நகர்ந்து திறக்கிற இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. உள்ளே செருகியதும் டிரைவ் கரகரவென்று கத்திவிட்டு, படிக்க முடியவில்லை என்றது.

“சாமிக்கு வெச்சீங்க, சரி. வாய்லயேவா அண்ணி வெப்பாங்க?” என்றார் தாமோதரன்.

“இந்த பொட்டிக்கு இதான் முக்கியம், பத்திரமா வெய்யின்னு குடுத்தவங்க சொன்னாங்க. முக்கியமான பொருள பொட்டு வெக்காம எப்பிடி வெக்கிறது?” என்றார் தாயாரம்மாள்.

இதை அறியாமை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒன்றின் மதிப்பை உணர்ந்து அதற்கு உரிய மரியாதையைச் செய்வது என்பதுதான் நடந்தது. மரியாதை தவறான இடத்தில் படிந்தால் பொருள் கெடும் என்பது அதற்கு முன் அந்த வீட்டில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. அச்சு இயந்திரத்துக்கு முப்பது வருடமாகப் பொட்டு வைக்கிறார்கள். அது நன்றாகத்தான் ஓடுகிறது.

வேறு புரோகிராம் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு தாமோதரன் மூன்று மணி பேருந்தைப் பிடித்தார். பஞ்சாட்சரம் ஈய எழுத்துப் பெட்டியைத் திறந்து தூசி தட்டத் தொடங்கினார்.

பவளத்துக்கு அப்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 1999இல் சூரிய கிரகணம் வந்த சமயம், கெட்டுப்போன ஃப்ளாப்பியைப் பிளந்து உள்ளிருக்கும் கறுப்புப் படலத்தின் வழியே கிரகணம் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரை இயக்கிய அந்த ஆள் ஒன்றைப் பிரித்தான். அப்படிப் பார்ப்பது கண்ணுக்கு நல்லதல்ல என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். பவளம் சூரியனைப் பார்க்கவில்லை, ஃப்ளாப்பியைத்தான் பார்த்தாள். வெளியே இருப்பது வெறும் பிளாஸ்டிக் கூடு, உள்ளே வட்டமாக ஒரு மெல்லிய படலம், விஷயமெல்லாம் அந்தப் படலத்தில்தான் என்று அன்று தெரிந்துகொண்டாள். இரண்டரை வருடம் அந்தத் தகவலால் எந்தப் பயனும் இல்லாமல் இருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் செய்ததை என்னால் இரண்டு வார்த்தையில் பாராட்டிவிட முடியவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை. அவள் அந்த ஃப்ளாப்பியைத் தொடவில்லை. கடையில் கிடந்த வேறு மூன்று ஃப்ளாப்பிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய கடிதத்தை ஏற்றினாள். பிறகு தாயாரம்மாளிடம் சந்தனமும் குங்குமமும் கேட்டு வாங்கி, அந்த மூன்றுக்கும் தகட்டைத் திறந்து உள்ளே போகிற மாதிரி பொட்டு வைத்து வெயிலில் காயப்போட்டாள்.

தாயாரம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “இன்னாடி இது, பொங்கலே இன்னும் வரல, நீ ஆயுத பூஜ பண்ணிக்கினு கீற?”

“நீங்க எப்பிடி வெச்சீங்களோ அப்பிடியே வெச்சிப் பாக்கறேன்க்கா.”

“நான் இவ்ளோ மோசமாவா வெச்சேன்?”

எதிரே பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்கிவந்தாள். முதல் ஃப்ளாப்பியை பிளேடால் பிளந்து, படலத்தை எடுத்து, பஞ்சை நனைத்துத் துடைத்து, வேறொரு நல்ல கூட்டுக்குள் வைத்து மூடினாள். ஓடவில்லை. ஈரம் சரியாகக் காயவில்லை. இரண்டாவதில் நன்றாகக் காயவைத்தாள். ஆனால் படலத்தைத் தலைகீழாக வைத்துவிட்டாள். மூன்றாவதில் கடிதம் திறந்தது. அதை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சாமி அலமாரி ஃப்ளாப்பியை எடுத்தாள். அதன் படலம் பழுப்பேறி, ஓரத்தில் சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது. அரை மணி நேரம் துடைத்தாள். புதுக் கூட்டில் வைத்தாள். டிரைவ் இந்த முறை கத்தவில்லை. அதில் இருந்த கோப்புகளின் பெயர்களைக் காட்டியது.

வெள்ளிக்கிழமை மதியம் மின்சாரம் போய் இரண்டு மணிக்கு வந்தது. வந்த பிறகு ஒரு மணி நேரமாவது போகாமல் இருக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு. பவளம் முதலில் பழைய பக்கங்கள் அனைத்தையும் டியில் தனியாக ஓரிடத்தில் நகல் எடுத்து வைத்தாள். பிறகு பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டாள்.

“சார், நடுவுல ஒரு நேரம் வரும். அப்ப புரோகிராமு சிலயும் இருக்காது, டிலயும் இருக்காது. அனுமதி இந்த ஃப்ளாப்பில மட்டும்தான் இருக்கும். அது அப்ப ஓடலன்னா, நம்மகிட்ட ஒண்ணுமே இருக்காது.”

“இப்ப மட்டும் இன்னா கீது?”

“இப்ப பாதிப் பக்கமாச்சும் வருதே சார்.”

பஞ்சாட்சரம் எழுத்துப் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்ப வாணாமா?”

“பண்றேன் சார்,” என்றாள் பவளம்.

ஃப்ளாப்பியைச் செருகி, நீக்கு என்ற பொத்தானை அழுத்தினாள். டிரைவின் பச்சை விளக்கு எரிந்தது. அனுமதி ஃப்ளாப்பிக்குத் திரும்பியது என்று ஒரு வரி வந்தது. திரையில் இரண்டரை வருடமாக அவள் தினமும் காலையில் தொட்ட அந்தச் சிறிய படம் மறைந்தது. ஒரு பொருள் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் இருக்கும் நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று புத்தகங்களில் நிறையப் பேசியிருக்கிறார்கள். அந்த மதியம் அது நடுவில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு உலோக வட்டம் பதித்த மெல்லிய படலத்தில், டிஸ்டில்டு வாட்டர் காய்ந்த தடத்தோடு இருந்தது.

நிறுவத் தொடங்கியதும், எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு ஒரு பெட்டி வந்தது. அதில் சி என்று தானாகவே எழுதியிருந்தது. பவளம் அந்த ஓர் எழுத்தை அழித்தாள்.

“அதுவே சின்னு சொல்லுதே. அது பேச்சத்தான் கேளேன்,” என்றார் பின்னால் நின்ற பஞ்சாட்சரம்.

“அதுக்கு அது மட்டும்தான் சார் தெரியும்,” என்று சொல்லி டி என்று அடித்தாள்.

கோப்புகள் ஒவ்வொன்றாக டிக்குப் போயின. கடைசியில் அனுமதியை எடுக்க ஃப்ளாப்பியைத் தேடிய நேரத்தில் டிரைவ் கரகரத்தது. படிக்க முடியவில்லை, மீண்டும் முயல்கிறாயா என்று கேட்டது. அவள் முயன்றாள். அதே பதில். பஞ்சாட்சரம் மெல்ல நகர்ந்து எழுத்துப் பெட்டியின் அருகே போய் நின்றுகொண்டார். அவள் ஃப்ளாப்பியை வெளியே எடுத்தாள். அதன் பின்புறம் நடுவில் இருக்கும் உலோக வட்டத்தில் சுண்டுவிரலை வைத்து மெதுவாகச் சுற்றினாள். ஓரிடத்தில் படலம் கூட்டில் உரசியது. ஐந்தாறு சுற்று சுற்றிய பிறகு உரசல் நின்றது. மறுபடியும் செருகினாள். மீண்டும் முயல் என்பதை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்து, சிறிது நேரம் எரிந்துகொண்டே இருந்து, அணைந்தது. முடிந்தது என்றது திரை.

பழைய பக்கங்களை புரோகிராமின் புது வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, திங்கட்கிழமை பாதியில் நின்ற பத்திரிகையை அச்சுக்கு அனுப்பினாள். முழுப் பக்கமும் வந்தது. பஞ்சாட்சரம் அந்தத் தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிள்ளையார் சுழியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

“இந்த மாமன் செத்து ஆறு மாசமாச்சே,” என்றார். “எடுத்துடு.”

பாராட்டு என்று அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அதைவிட அதிகமாக வந்திருந்தால் அது பொய்யாகவும் இருந்திருக்கலாம். மாலையில் எழுத்துப் பெட்டியை மூடி, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு வைத்தார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் வேன் வந்தது. முனியம்மாள் ஏறினாள். பவளம் சாலை வரை அவளுடைய பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு, அங்கேயே நின்று உத்திரமேரூர் பேருந்துக்குக் கை காட்டினாள்.

சந்தனம் படிந்த பழைய கூடு மிச்சம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று பவளம் சொல்லியும் தாயாரம்மாள் அதைத் திரும்ப சாமி அலமாரியிலேயே வைத்தார். பொட்டு வைத்ததை எடுத்துப் போட மனம் வரவில்லை என்றார். அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜைகளில் பொட்டு அந்த வெறும் கூட்டுக்கே போனது. உண்மையான ஃப்ளாப்பி ஒரு காலி பவுடர் டப்பாவுக்குள், துணி சுற்றி, பவளத்தின் மேசையில் இருந்தது.

நான்கு வருடங்கள் அந்தப் புரோகிராம் டியில் ஓடியது. 2006இல் பஞ்சாட்சரம் புதிய கம்ப்யூட்டரும் புதிய புரோகிராமும் வாங்கினார். அதே வருடம் பவளம் பெருநகர் பேருந்து நிறுத்தத்தின் அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, டைப்பிங், ஜெராக்ஸ், பத்திரிகை வேலை என்று சொந்தமாகக் கடை போட்டாள். பழைய புரோகிராமை இங்கே இனி யாரும் தொடப்போவதில்லை, நீயே எடுத்துக்கொண்டு போ, பழைய பக்கங்களையும் எடுத்துக்கொள் என்று பஞ்சாட்சரம் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது சின்னக் காரியமில்லை. தாயாரம்மாளும் அந்தப் பொட்டு வைத்த கூட்டைக் கொண்டுபோகச் சொன்னார். பவளம் சிரித்துவிட்டு வேண்டாம் என்றாள்.

பவளம் கடைசி நாள் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஃப்ளாப்பியைச் செருகி, டியிலிருந்து புரோகிராமை நீக்கினாள். அனுமதி ஃப்ளாப்பிக்குத் திரும்பியது. டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

கடை நன்றாகவே நடக்கிறது. நடக்கிற அளவுக்கு நடக்கிறது என்றும் சொல்லலாம். முதல் மாதத்திலேயே இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை வந்தது. உத்திரமேரூரில் சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் குடியிருப்பின் பெயர் ஒன்றில்கூட இல்லை. மேலே வைத்து அடிக்க முன்மாதிரி எதுவும் கிடையாது. யார் பெயருக்குப் பிறகு யார் பெயர் என்பதை அந்த வீட்டுப் பெண்களை உட்காரவைத்து, அவர்கள் சண்டை போட்டு முடிக்கும் வரை காத்திருந்து, வெற்றுப் பக்கத்தில் முதல் எழுத்திலிருந்து அடித்தாள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஏழெட்டுப் பத்திரிகைகள் வந்துவிட்டன. இப்போது ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அடிக்கிறாள்.

அதெல்லாம் அவள் புதிதாகக் கற்ற வேறொரு புரோகிராமில். அதன் விசைகள் வேறு இடங்களில் இருந்தன. ஆறு வருடம் பார்க்காமல் அடித்தவள், நான்கு மாதம் இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். அவசரக்காரர்கள் சிலர் எழுந்து உத்திரமேரூருக்கே போனார்கள். அவளுடைய கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பி டிரைவ் இருந்தது. பவுடர் டப்பா மேசையின் முதல் இழுப்பறையில் இருந்தது. செருகி, கேட்கிற இடத்தில் ஓர் எழுத்தை அடித்தால் போதும், பழைய புரோகிராம் வந்துவிடும்.

அவள் செருகவில்லை. ஏன் என்று ஒரே ஒருமுறை கேட்டேன். நான் அச்சிடக் கொடுத்திருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, “பதினாலாந்தேதி ஞாயித்துக்கெழம இல்ல சார், திங்கக்கெழம,” என்றாள். நாள்காட்டியைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஃப்ளாப்பி இன்றும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. அனுமதி அதற்குள் இருக்கிறது.